மோட்டார்ஹோம் பின்னால் கட்டிய கார் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

முப்பதடி நீள மோட்டார்ஹோமை (படுக்கை, சமையலறையோடு ஓடும் வீட்டு வண்டியை) முகாமில் நிறுத்தி, தண்ணீர்க் குழாயும் கரண்டும் மாட்டிவிட்டால், பால் வாங்குவதற்காக அதை மறுபடி கிளப்ப யாருக்கும் மனசு வராது. அமெரிக்காவில் நீண்ட பயணம் போகிறவர்கள் சின்னக் கார் ஒன்றைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போவது இதனால்தான். கட்டுவதற்கு மூன்று வழிகள் உண்டு. டோ பாரில், அதாவது காரின் மூக்கை மோட்டார்ஹோமோடு இணைக்கும் இரும்புக் கையில் மாட்டி, நான்கு சக்கரமும் ரோட்டில் உருள இழுக்கலாம். முன்சக்கரம் இரண்டையும் டாலி என்னும் சின்ன இழுவண்டி மேல் ஏற்றி, பின்சக்கரத்தை உருளவிடலாம். அல்லது முழுக் காரையும் டிரெய்லரில் ஏற்றிவிடலாம்.

எந்த வழியாக இருந்தாலும் பின்கார் படும் பாடு ஓட்டுகிறவருக்குத் தெரியாது. முன்னால் போகும் வண்டி அவ்வளவு கனம். பின்காரின் டயர் காற்றிறங்கி, ரப்பர் கிழிந்து, ரிம் ரோட்டில் உரசிக்கொண்டு வந்தால்கூட ஸ்டியரிங்கில் சின்ன அதிர்வும் வராமல் போகலாம். அறிகுறி உங்கள் கண்ணுக்கோ மூக்குக்கோ எட்டும்போது கோளாறு ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருக்கும். ஆகவே கீழே உள்ள எதைக் கண்டாலும் முதல் வேலை ஒன்றுதான்: பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, இறங்கிப் போய், கண்ணால் பார்த்தும் முகர்ந்தும் சோதியுங்கள்.

எரிந்த வாடை, காருக்கு அடியில் எண்ணெய்க் கசிவு, அவிழ்த்த பிறகு கியர் விழவில்லை

இருப்பதிலேயே அதிகச் செலவு வைப்பது இதுதான். டோ பாரில் நான்கு சக்கரமும் உருள வருகிற காருக்கே பெரும்பாலும் வரும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுற்றிவிடும் பம்பை எஞ்சின்தான் ஓட்டுகிறது. எஞ்சின் அணைந்திருக்க, சக்கரம் மட்டும் உருண்டால், சக்கரத்தோடு இணைந்த உள்பாகங்கள் எண்ணெய் இல்லாமல் சுற்றிச் சூடாகித் தேயும். "நியூட்ரலில்தானே போட்டிருக்கிறேன்" என்று பலர் நம்புகிறார்கள். நியூட்ரல் எஞ்சினைத்தான் பிரித்துவிடுகிறது. சக்கரத்தின் பக்கத்தில் இருப்பவை சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது காரின் கையேடு. நான்கு சக்கரமும் தரையில் இருக்க இழுக்கலாம் என்று உங்கள் மாடலுக்கு, உங்கள் வருடத்துக்கு எழுதியிருக்கிறதா? பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. ஹோண்டா சிஆர்-வி 2014 வரை டோ பாரில் இழுப்பவர்களின் செல்லப்பிள்ளையாக இருந்தது. 2015 மாடலில் சிவிடி என்னும் வேறு வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வந்ததும் அந்த அனுமதி போய்விட்டது. ஜீப் கிராண்ட் செரோக்கியில் லோ ரேஞ்ச் (மெதுவாக, பலமாக இழுக்கும் கியர்) உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) இருக்கிற வண்டிக்குத்தான் அனுமதி; அதே கடையில் அதே வருடம் வாங்கிய சாதா வண்டிக்கு இல்லை. நம்மவர்கள் வீட்டு வாசலில் அதிகம் நிற்கும் கேம்ரி, சியன்னா, டெஸ்லா எதையும் டோ பாரில் கட்டக் கூடாது. டெஸ்லாவை எந்தச் சக்கரமும் தரையில் உருளாமல்தான் கொண்டுபோக வேண்டும், அதாவது டிரெய்லர் மட்டுமே வழி.

அனுமதி உள்ள கார்தான், ஆனாலும் வாடை வருகிறது என்றால், கட்டும்போது செய்ய வேண்டிய வரிசையில் ஏதோ தவறியிருக்கிறது. பழைய சிஆர்-வியில் எஞ்சினை ஓடவிட்டு, கியரை டி-யில் வைத்து ஐந்து வினாடி பிடித்து, அங்கிருந்து நேராக நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, 3 நிமிடம் ஓடவிட்டுப் பிறகு அணைக்க வேண்டும். ரிவர்ஸிலிருந்து நியூட்ரலுக்கு வந்து அப்படியே அணைத்தால் கியர்பாக்ஸ் கெடும். ஒரே நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் இடையில் நிறுத்தி, இதை முழுவதும் மறுபடி செய்ய வேண்டும். வேகம் மணிக்கு 65 மைலைத் தாண்டக் கூடாது.

ஜீப் ராங்ளரில் கதையே வேறு. அதில் நியூட்ரலுக்குப் போக வேண்டியது டிரான்ஸ்ஃபர் கேஸ். கியர்பாக்ஸ் ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் இருக்கும். லீவரை இழுத்தாயிற்று என்பதற்காக உள்ளே நியூட்ரல் விழுந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எஞ்சின் ஓடும்போது பிரேக்கை மிதித்தபடி டி-யில் போட்டு, பிரேக்கை மெல்ல விடுங்கள். வண்டி நகரக் கூடாது. ரிவர்ஸிலும் அதே சோதனை. துளி நகர்ந்தாலும் நியூட்ரல் விழவில்லை. அப்படியே இழுத்துக்கொண்டு போனால் முதல் சிக்னலுக்குள்ளேயே பின்சக்கரங்கள் உருளாமல் தேய்ந்துகொண்டு வரும்.

வாடை வந்துவிட்ட காரை ஸ்டார்ட் செய்து ஓட்டிப் பார்க்காதீர்கள். எண்ணெய் அளவுகோல் இருந்தால் உருவி, வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வையுங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நிம்மதி. காப்பி நிறமாகி, கருகின வாடை அடித்தால், தட்டையான லாரியில் ஏற்றி மெக்கானிக்கிடம் அனுப்புவதே மிச்சம்.

முகாமுக்கு வந்ததும் கார் ஸ்டார்ட் ஆகவில்லை

பேட்டரி தீர்ந்துபோயிருக்கும். பல கார்களில் ஸ்டியரிங் பூட்டு விழாமல் இருக்கச் சாவியை ஆக்சஸரி நிலையில் வைத்தே இழுக்க வேண்டும். ரேடியோ, டேஷ்போர்டு கம்ப்யூட்டர் எல்லாம் நாள் முழுக்கப் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே வரும். போதாக்குறைக்குப் பின்காரின் பிரேக் விளக்கும், மோட்டார்ஹோம் பிரேக் போடும்போது காரின் பிரேக் பெடலை மிதிக்கும் கருவியும் அதே பேட்டரியில்தான் ஓடும்.

கையேடு சொல்லும் ஃபியூஸைக் கழற்றி வைப்பது ஒரு தீர்வு. ஃபியூஸ் பெட்டி கால் வைக்கும் இடத்துக்கு மேலே ஒளிந்திருந்தால் ஒவ்வொரு முறையும் குனிந்து தேடுவது தொல்லை. அந்த ஃபியூஸுக்கு ஒரு சுவிட்ச் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. இதைவிட நல்லது, மோட்டார்ஹோமிலிருந்து வரும் கேபிளில் ஒரு சார்ஜ் வயரைச் சேர்த்து, ஓடும்போதே காரின் பேட்டரிக்குக் கொஞ்சம் கரண்ட் போக வைப்பது. கேபிளில் காலியான முள் இருந்தால் வேலை சுலபம். நான் யாருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். ஏனென்றால் பேட்டரி செத்தால் நகராமல் நிற்பதோடு போகாது, சில வகைப் பிரேக் கருவிகளும் வழியிலேயே நின்றுபோகும்.

திருப்பத்தில் முன் டயர் கிறீச்சிடுகிறது, இழுத்த இடத்தில் கறுப்புக் கோடு விழுகிறது

ஸ்டியரிங் பூட்டியிருக்கிறது. டோ பாரில் வரும் காரின் முன்சக்கரம் திருப்பத்தில் தானாகத் திரும்ப வேண்டும். கட்டி முடித்ததும் காலி இடத்தில் நடைவேகத்தில் ஒரு வட்டம் போடுங்கள், இன்னொருவர் வெளியே நின்று பார்க்கட்டும். முன்சக்கரம் இரண்டும் திரும்புகின்றனவா, நான்கும் உருளுகின்றனவா என்று இரண்டே விஷயம்.

முன்சக்கரம் சரியாகத் திரும்பியும் பின் டயர் தேய்ந்தால் ஹேண்ட் பிரேக்கைப் பாருங்கள். பொத்தானில் இயங்கும் பார்க்கிங் பிரேக் உள்ள சில கார்கள், எஞ்சினை அணைத்ததும் நம்மைக் கேட்காமலே அதைப் போட்டுக்கொள்ளும். டாலியில் பின்சக்கரம் மட்டும் தேய்ந்து வந்தாலும் இதே காரணம்தான்.

பின்காரின் முன்சக்கரம் படபடவென்று ஆடுகிறது

பின் கேமராவில் பார்த்தால் தெரியும். ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியதும் காரின் மூக்கு நடுங்கும், இரண்டு சக்கரமும் இடமும் வலமுமாக வேகமாக அடித்துக்கொள்ளும், டோ பார் குலுங்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, மெதுவாக வேகம் குறையவிடுங்கள். நின்றதும் ஆட்டமும் நின்றிருக்கும், அதற்காக அப்படியே கிளம்பிவிடாதீர்கள்.

டயர் காற்றிலிருந்து ஆரம்பியுங்கள், நான்கையும் அளந்து பாருங்கள். அடுத்து சமதளத்தில் நிறுத்தி, தரையிலிருந்து மோட்டார்ஹோமின் ரிசீவர் (பின்னால் டோ பார் செருகும் இடம்) துளையின் நடுவுக்கு எவ்வளவு உயரம், தரையிலிருந்து காரின் பேஸ் பிளேட்டில் (காரின் முன்புறம் பொருத்திய இரும்புச் சட்டத்தில்) டோ பார் மாட்டும் இடத்துக்கு எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். வித்தியாசம் 3 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. உங்கள் டோ பார் செய்தவர்கள் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால், உயரத்தைச் சரிக்கட்டும் அடாப்டர் போட வேண்டும். அடாப்டரின் எடைத் தகுதி டோ பாருக்குக் குறையாததாக இருக்கட்டும். இந்தச் சாய்வு ஆட்டத்தை மட்டும் கூட்டுவதில்லை. திடீர் பிரேக்கில் காரின் மூக்கு மோட்டார்ஹோமுக்கு அடியில் நுழையவோ, மேலே ஏறவோ வழி செய்வதும் இதே சாய்வுதான்.

ஜீப்பாக இருந்தால் இன்னும் ஆழமாகத் தேட வேண்டும். முன் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் டிராக் பார், அதன் போல்ட், பால் ஜாயின்ட், ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கும் டாம்பர் இவற்றில் எங்கே தளர்ச்சி இருந்தாலும் இப்படி ஆடும். உயரம் கூட்டி, பெரிய டயர் போட்ட ராங்ளரில் இது சாதாரணம். தனியாக ஓட்டும்போது உங்கள் கை ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதால் ஆட்டம் அடங்கியிருக்கும், இழுக்கும்போது பிடிக்க ஆளில்லை. மின்சாரத்தில் இயங்கும் பவர் ஸ்டியரிங் உள்ள வண்டிகளில் இன்னொரு காரணமும் உண்டு: எஞ்சின் அணைந்தால் அந்த மோட்டாரும் சும்மா கிடக்கும். 2014 முதல் வந்த ஜீப் செரோக்கிக்கு இழுக்கும்போது ஸ்டியரிங்குக்குக் கரண்ட் கொடுக்கும் வயரிங் கிட் தயாரிப்பாளரிடமே கிடைக்கிறது. டாம்பரை மாற்றிப் பணத்தை விடுவதற்கு முன்னால், உங்கள் வண்டியில் அந்தக் கிட் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

பிரேக்: ஒன்று புகைகிறது, அல்லது பிடிக்கவே இல்லை

மோட்டார்ஹோமின் பிரேக் தன் சொந்த எடையை நிறுத்தவே வடிவமைக்கப்பட்டது. பின்காரின் எடையை நிறுத்துவது அதன் கணக்கில் இல்லை. அதனால்தான் பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல் இழுத்தால் பின்னால் வருவதற்குத் தனிப் பிரேக் வேண்டும் என்று சட்டம். சட்டம் இல்லாத இடத்திலும் போடுங்கள் என்றே சொல்வேன். நீளமான இறக்கத்தில் 4,000 பவுண்டு பின்னாலிருந்து தள்ளும்போது மாநில எல்லை எதுவும் உதவாது.

நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். நான்கும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. நான்கும் அனல் பறந்தால், பெடலை மிதிக்கும் கருவி தேவையில்லாமல் மிதித்துக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் சுட்டால் அந்தச் சக்கரத்தின் காலிப்பர் (பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் பாகம்) சிக்கியிருக்கிறது. முகாம்களில் பலரும் சின்ன இன்ஃப்ராரெட் வெப்பமானி வைத்திருப்பார்கள், அதுவே போதும்.

கருவி ஏன் மிதித்துக்கொண்டே வருகிறது? பெட்டி மாதிரி தரையில் வைத்து, பெடலில் பிடியைக் கொக்கிபோல் மாட்டும் வகையில், இருக்கை மிகவும் முன்னால் இருந்தாலே பெடல் சற்று அழுந்தி நிற்கும். உணர்திறன் அதிகமாக வைத்திருந்தால் மேடுபள்ளத்தையே பிரேக் என்று எடுத்துக்கொள்ளும். இன்னொன்று பலருக்கும் புரியாத இடம். எஞ்சின் அணைந்த காரில் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதியில் தீர்ந்துவிடும், பிறகு பெடல் கல்லாகிவிடும். பூஸ்டரில் வெற்றிடம் இருக்கும்போது கருவியை அளவு பார்த்து வைத்தால், அந்த அளவு வழியில் போதாது. பிரேக் பிடிக்கவில்லை என்று தோன்றும். பெடல் கடினமாகும் வரை நாலைந்து முறை மிதித்துவிட்டுப் பிறகு கருவியைப் பொருத்துங்கள். மாறாக, எஞ்சின் அணைந்தும் பூஸ்டர் வேலை செய்யும் ஹைபிரிட் கார்களில் அதே அளவு மிக அதிகமாகி, டயரைப் பூட்டிவிடும். அவற்றுக்குக் கருவியில் தனி அமைப்பு உண்டா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கார் கழன்றால் தானாகப் பிரேக் போடும் பிரேக்அவே சுவிட்சை வருடக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. முள்ளை உருவிப் பார்த்தால் பெடல் கீழே போக வேண்டும். போகவில்லையென்றால் சுவிட்ச் துருவோ, பேட்டரியோ காரணம்.

விளக்குகள் குழம்பி எரிகின்றன

இடது இண்டிகேட்டர் போட்டால் இரண்டு பக்கமும் மங்கலாக மினுக்கினால், அல்லது பிரேக் மிதித்ததும் பார்க்கிங் விளக்கு மங்கினால், கிரவுண்ட் வயர் சரியில்லை. பெரும்பாலும் வெள்ளை வயர். அது சேஸிஸில் பிடித்திருக்கும் இடத்தைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, மறுபடி முடுக்கினால் பத்தில் எட்டு வண்டி சரியாகிவிடும் என்பது என் எண்ணம்.

எந்தப் பக்கம் கோளாறு என்று தெரிய, கேபிளைக் காரிலிருந்து கழற்றி, மோட்டார்ஹோமின் சாக்கெட்டிலேயே டெஸ்ட் லைட்டை வைத்துப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால் கேபிளிலோ காரிலோதான் கோளாறு. சாக்கெட்டுக்குள் பச்சையாகப் பூத்திருந்தால் சுரண்டி எடுத்து, மின் கிரீஸ் தடவுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் பின்காரின் இண்டிகேட்டர் மினுக்காமல் நிலையாக எரிகிறதா? பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே சிவப்பு பல்பு உள்ள கார்களில் இது வரும். கருவி பெடலை மிதித்ததும் காரின் சொந்தப் பிரேக் விளக்கு எரிந்து, மோட்டார்ஹோம் அனுப்பும் மினுக்கலை மறைத்துவிடுகிறது. வயரிங்கில் போடும் டையோடு (கரண்டை ஒரே திசையில் விடும் பாகம்) மட்டும் இதைத் தீர்க்காது. இழுக்கும்போது காரின் பிரேக் விளக்குச் சுற்றைத் துண்டிக்கும் ரிலே (தானியங்கி சுவிட்ச்) போட வேண்டும்.

மேட்டில் எஞ்சின் சூடு ஏறுகிறது

தெற்குக் கலிஃபோர்னியாவிலிருந்து லாஸ் வேகஸ் போகும் 15-ஆம் எண் நெடுஞ்சாலையில், பேக்கர் ஊரைத் தாண்டியதும் பாலைவன வெயிலில் மைல்கணக்கில் ஏற்றம். ஏசியை அணையுங்கள் என்று ரோட்டோரம் பலகையே வைத்திருக்கிறார்கள். அங்கே சூடு ஏறினால் கியரைக் குறைத்து, வலது ஓரமாக லாரிகளோடு சேர்ந்து ஏறுங்கள். அப்போதும் முள் இறங்கவில்லையென்றால் நிறுத்திக் காரை அவிழ்த்துவிட்டு, மலை தாண்டும் வரை இன்னொருவர் அதைத் தனியாக ஓட்டிவரட்டும்.

எல்லா மேட்டிலும் இப்படியென்றால் எடைக் கணக்கைப் பாருங்கள். ஃபோர்டு இ-450 அடிச்சட்டத்தில் கட்டிய வண்டிக்குத் தன் எடை வரம்பு 14,500 பவுண்டு, பின்கார் சேர்த்து மொத்த வரம்பு 22,000. கழித்தால் 7,500. ஆனால் பின்னால் உள்ள ரிசீவர் தகட்டில் 5,000 என்று அடித்திருந்தால் உங்கள் வரம்பு 5,000தான். டெஸ்லா மாடல் ஒய் மட்டுமே 4,000 பவுண்டுக்கு மேல், அதைச் சுமக்கும் டிரெய்லர் இன்னும் 1,500 முதல் 2,000. அங்கேயே கணக்கு உடைந்துவிட்டது. லாரிகள் நிற்கும் பெட்ரோல் பங்குகளில் கேட் ஸ்கேல் எடைமேடை இருக்கும். சாமான், தண்ணீர், ஆட்கள் எல்லாம் ஏற்றிய நிலையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

டாலியும் டிரெய்லரும் வாலாட்டுகின்றன

டாலியில் முதல் சில மைலுக்குள் டயரைக் கட்டிய பட்டை தளரும். டயர் பட்டைக்குள் அமுங்கி உட்காருவதால் அது இயல்பு. நிறுத்தி மறுபடி இறுக்காவிட்டால் கார் ஒரு பக்கம் நழுவி, டாலி ஆடும். நான்கு சக்கரமும் இயங்கும் காரை டாலியில் ஏற்றவே கூடாது. பின்சக்கர இயக்கக் கார் என்றால் டிரைவ் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும்.

டிரெய்லர் ஆடினால் கார் நிற்கும் இடம் பின்தள்ளியிருக்கிறது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்கொக்கியில் விழ வேண்டும். எஞ்சின் முன்னால் இருக்கிற காரை முகம் முன்னோக்க ஏற்றி, கொஞ்சம் முன்னே நகர்த்திக் கட்டினால் போதும். ஆடிக்கொண்டிருக்கும்போது மோட்டார்ஹோமின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, காலை எடுத்து, டிரெய்லர் பிரேக்கைக் கையால் மட்டும் மெல்லக் கொடுங்கள். கலிஃபோர்னியாவில் எதை இழுத்தாலும் 55 மைல்தான் வரம்பு.

டோ பார் கழல மறுக்கிறது

சரிவிலோ, திருப்பிய நிலையிலோ நிறுத்தினால் டோ பாரின் கை இறுகிக்கொள்ளும். சுத்தியலால் தட்டாதீர்கள், பூட்டு நெம்புகோல் வளைந்துவிடும். ஹேண்ட் பிரேக்கை விட்டு, காரை ஓரங்குலம் முன்னும் பின்னும் அசைத்தால் அழுத்தம் விடும். காருக்கும் வண்டிக்கும் நடுவே யாரும் நிற்கக் கூடாது. முகாமுக்குள் திரும்புவதற்கு முன்பே, நேரான சமதள இடத்தில் அவிழ்ப்பது வழக்கமானால் இந்தத் தொல்லையே வராது.

தவறான தெருவுக்குள் நுழைந்துவிட்டோம், பின்னால் எடுக்க முடியவில்லை

எடுக்க முயலவே வேண்டாம். டோ பாரில் இருக்கும் காரைப் பின்னால் தள்ளினால் முன்சக்கரம் ஒரே பக்கமாக முழுவதும் திரும்பிக்கொள்ளும், கார் குறுக்கே போகும், டோ பாரின் கையோ பேஸ் பிளேட்டோ வளையும். டாலிக்கும் இதே கதி. ஒருவர் பின்னால் வரும் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். காரை அவிழ்த்துத் தனியாக ஓட்டி வெளியே எடுங்கள், மோட்டார்ஹோமைத் திருப்புங்கள், பெரிய ரோட்டுக்கு வந்து மறுபடி கட்டி, நியூட்ரல், ஸ்டியரிங் பூட்டு, ஹேண்ட் பிரேக், விளக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.